மலை ஏரியில் அடைப்பெடுத்த கதை

1

"நடந்ததை உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும்" என்றது அந்தப் படிவத்தின் ஏழாவது கேள்வி. அதற்குக் கீழே நான்கு கோடுகள். என் சொந்த வார்த்தைகள் எல்லாம் தமிழில் இருக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது ஆங்கிலத்தில். எப்படியோ நான்கு கோட்டுக்குள் அடக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அடங்காதது நிறைய மிஞ்சிவிட்டது. ஊரில் இருப்பவர்களுக்கு அது விளங்கும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

இந்த நவம்பரோடு நாங்கள் நியூசிலாந்து வந்து ஒன்பது வருஷம் முடிந்துவிட்டது. தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர்ப் பக்கம் எங்கள் வீடு. அங்கே நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளனாக இருந்தேன். ஃபார்மலின் பாட்டிலில் மிதக்கும் பிராணிகள் அத்தனையையும் எனக்குத் தெரியும்; உயிரோடு பார்த்தவை குறைவு. மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்குத் தெற்குத் தீவில், மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஊரின் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. அவள் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும், ஆறு வயது மகள் எஸ்தரும் வந்து சேர்ந்தோம்.

வந்த புதிதில் என் சான்றிதழ்களை எல்லாம் பார்த்துவிட்டு, "இந்த வேலைக்கு இங்கே என்ன பெயர்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. அவர்களுக்கும் தெரியவில்லை. கடைசியில் ஊருக்கு மேலே இருக்கும் ஏரிக் காப்பகத்தில் ஆள் எடுத்தார்கள். பனி உருகும் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை வேலை. ஒவ்வொரு வருஷமும் புதிதாக ஒப்பந்தம். நேர்காணலில், "ஏரிகளோடு உங்களுக்கு அனுபவம் உண்டா?" என்றார்கள். "ஒரு ஏரி என் வீட்டு ஹால் வரைக்கும் வந்திருக்கிறது" என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். வேலை கிடைத்துவிட்டதால் நானும் அதைத் திருத்தப் போகவில்லை.

2

அந்த ஏரி பெரியது இல்லை. சுற்றி வர இரண்டு மணி நேரம் ஆகும். மூன்று பக்கமும் மலை. இங்கே கோடையான டிசம்பரிலும் உச்சியில் கொஞ்சம் பனி ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். எண்பது வயது வரை வாழும் விலாங்குகள் அதில் உண்டு. காடு முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் பச்சை நிற மலைக்கிளிகள். நிறுத்தி வைத்த காரின் ரப்பரைப் பிய்த்துத் தின்னும் போக்கிரிகள். கறுப்பாகக் குட்டையாக ஒரு வாத்து, ரப்பர் பந்தை அமுக்கிவிட்ட மாதிரி மூழ்கி மூழ்கி எழும்.

இங்கே விதிகளுக்குக் குறைச்சல் இல்லை. நாய் கூடாது, மோட்டார் படகு கூடாது, பறவைக்குத் தீனி கூடாது. வேறு ஏரியின் களை விதை ஒட்டிக்கொண்டு வந்துவிடும் என்பதால் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் செருப்பை, ஷூவை மருந்துத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பறவை முட்டையைத் திருட வரும், கீரி போல ஒரு பிராணிக்குப் பொறி வைப்பதும், நடைபாதையில் விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்குவதும் கூட.

காப்பகத்தின் ராஜா அங்கே ஒரு பறவைதான். நம் ஏரிகளில் சின்னதாகப் பழுப்பாக ஒரு முக்குளிப்பான் இருக்குமே, அதன் பெரிய தாயாதி. தலையில் இரண்டு பிரிவாகக் கொண்டை, கன்னத்தைச் சுற்றிச் செம்பட்டை இறகு. நாட்டிலேயே சில நூறுதான் இருக்கின்றன என்கிறார்கள். எங்கள் ஏரியில் பல வருஷங்களாகக் கூடு கட்டவில்லை. இந்த அக்டோபரில் ஒரு ஜோடி வந்து, வில்லோ மரம் தண்ணீரில் தாழ்ந்து கிடக்கும் ஒரு மூலையில் களையும் குச்சியுமாகக் கொண்டுவந்து சேர்க்க ஆரம்பித்தது. நான் அவற்றுக்கு மேஸ்திரி, மேஸ்திரி சம்சாரம் என்று பெயர் வைத்தேன்.

"அப்பா, அதுங்க பீப்பிள் இல்ல. பேர் வெக்காதீங்க" என்றாள் எஸ்தர்.

எஸ்தருக்கு இப்போது பதினைந்து. பள்ளியில் பெயர் எஸ். அவ்வளவுதான், ஒரு எழுத்து. அம்மாவிடம் தோசை கேட்கத் தமிழ்; என்னிடம் ஆங்கிலம் (அதைத்தான் இங்கே தமிழாக்கி எழுதுகிறேன்); அதுவும் கேட்டதற்கு மட்டும் பதில். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு வருவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. நாங்கள் வற்புறுத்துவதில்லை, வருத்தப்படுகிறோம். ஆனால் அந்தக் கூட்டைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் பள்ளிக் குழுவில் அவளாகவே போய்ச் சேர்ந்திருந்தாள். கரையில் பலகையால் அடித்த ஒரு மறைவிடம் உண்டு. இரண்டு நாளைக்கு ஒரு முறை அங்கே உட்கார்ந்து தொலைநோக்கியில் பார்த்து எழுதுவாள். போகும்போதும் வரும்போதும் என் காரில். வழியெல்லாம் பேசுவாள். மூன்று முட்டை. ஆணும் பெண்ணும் முறை வைத்து அடை காக்கின்றன. எழுந்து போகும்போது ஈரக் களையை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகின்றன. இதையெல்லாம் அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நாலைந்து வருஷமாகப் பேசாத பெண் பேசினாள் என்பதற்காகவே அந்தப் பறவைகளுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

3

ஊரை விட்டு வந்தவர்களுக்கு மழை என்றால் மண்வாசனை, சூடான பஜ்ஜி. முடிச்சூர்க்காரர்களுக்கு அப்படி இல்லை. எங்கள் தெரு இருந்த இடம் ஒரு காலத்தில் ஏரி உபரிநீர் போகும் வழி. அது தெரிந்தும், மனை பிரித்தவர்கள் அதற்கு லேக் வியூ நகர் என்று பெயர் வைத்தார்கள். பெரிய வெள்ளம் வந்த டிசம்பரில் பெயர் பலித்தது.

அந்த வெள்ளத்துக்கு முன்பும் பின்பும் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசி மழை வலுத்ததும், நகராட்சிக்கு யாரும் காத்திருக்க மாட்டார்கள். தெருவுக்கு நாலு ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கடப்பாரை, மண்வெட்டி, கயிறோடு கால்வாய்க்குப் போய்விடுவார்கள். ஆகாயத்தாமரை, தெர்மோகோல், செத்த நாய், கட்டில் கால், எது அடைத்திருந்தாலும் இழுத்துப் போட்டால்தான் ராத்திரி தூக்கம். ஞாயிறு ஆராதனை முடிந்து, வேட்டி சட்டையோடு நேரே கால்வாயில் இறங்கியிருக்கிறேன். சேகர் எனக்குச் சினேகிதனானது அந்தச் சேற்றில்தான். அவன் முடிச்சூரின் பழைய குடும்பம். அப்பா காலத்தில் நெல், இவன் காலத்தில் சிமெண்ட் கடை. "அடப்பு எடுக்காதவன் வூட்ல பொண்ணு குடுக்காதே" என்பது அவன் பொன்மொழி.

இந்த நவம்பர் நடுவில் எங்கள் மலையில் நான்கு நாள் விடாத மழை. பனிக்காலத்தில் சரிந்த மரங்களும் குப்பையும் ஏரியின் வாயில், அதாவது தண்ணீர் ஓடையாக வெளியேறும் இடுக்கில், போய்ச் செருகிக்கொண்டிருந்தன. அதனால் ஏரி அக்டோபரிலிருந்தே கொஞ்சம் உயர்ந்துதான் நின்றது. இப்போது நடைபாதைப் பலகைக்கு மேல் ஒரு சாண் ஏறி, கருவி வைக்கும் கொட்டகையின் முதல் படியைத் தொட்டது. வருகையாளர் யாரும் இல்லை. மேற்பார்வையாளர் ராப் நகரத்துக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மதியம் மூன்று மணி. கொட்டகை வாசலில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சேகர் வீடியோவில் வந்தான். அங்கே காலை ஏழரை, கையில் டீ.

"மச்சான், இங்க ஒரே மழ. கால்வா ரொம்பிகினு வருது. அங்க எப்டி?"

நான் போனைத் திருப்பி ஏரியைக் காட்டினேன். படியைக் காட்டினேன். பிறகு ஏரியின் வாயில் குறுக்கே கிடந்த மரங்களைக் காட்டினேன்.

சேகர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். "இன்னா மச்சான் இது. தண்ணி படியாண்ட வந்துகினு கீது, நீ பாத்துகினு நிக்கிறே? கடப்பாற கீதா, இல்லியா?"

"இருக்கு."

"அப்பறம் இன்னா. எடு."

அவனைக் குற்றம் சொல்லவில்லை. அவன் சொல்லாவிட்டாலும் நான் போயிருப்பேன். என் கை ஏற்கெனவே கொட்டகைக் கதவில் இருந்தது. தண்ணீர் ஏறினால் வாயைத் திற என்பது எனக்கு மூளையில் இல்லை, முழங்கையில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் தனியாக நெம்பினேன். கயிறு கட்டி இரண்டு தண்டுகளை இழுத்துக் கரையில் போட்டேன். மூன்றாவது தானாகப் பிடுங்கிக்கொண்டு போனது. அதன் பின்னால் தண்ணீர் உறுமிக்கொண்டு பாய்ந்தது. ஒன்பது வருஷத்தில் அன்றைக்குத்தான் இந்த நாட்டுக்கு உபயோகமான ஒரு காரியம் செய்தேன் என்று நினைத்தேன். சேகருக்குப் படம் அனுப்பினேன். கட்டை விரல் ஐந்து அனுப்பினான்.

4

மறுநாள் மழை விட்டது. அதற்கு மறுநாள் எஸ்தரைக் காரில் அழைத்துப் போனேன். அவள் மறைவிடத்துக்குப் போனாள். நான் செருப்புத் தொட்டிக்கு மருந்து கலந்துகொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அப்பா, வந்து பாருங்க."

ஏரி ஒரு முழத்துக்கு மேல் இறங்கியிருந்தது. தண்ணீரில் மிதந்த கூடு இப்போது வில்லோ கிளையில் மாட்டிக்கொண்டு, சாய்ந்து, காற்றில் நின்றது. இந்தப் பறவைக்குக் கால் உடம்பின் பின்கோடியில் இருக்கிறது. தண்ணீரில் அது மன்னன். தரையில் நாலடி நடக்க வராது. மேஸ்திரி கூட்டுக்குக் கீழே வந்து நின்று கழுத்தை நீட்டினான். மார்பால் உந்தினான். சரிந்து விழுந்தான். சுற்றி வந்து மறுபடியும் உந்தினான். சம்சாரம் கொஞ்சம் தள்ளி, வாயில் ஒரு துண்டுக் களையோடு மிதந்துகொண்டிருந்தாள். அதை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மேலே மூடியிருந்த களை காய்ந்து உதிர்ந்து, முட்டைகளில் ஒன்று வெள்ளையாகத் தெரிந்தது.

"ராத்திரி முழுக்க இப்படித்தான் இருந்திருக்கும்" என்றாள் எஸ்தர். பிறகு, "யாரு இதைப் பண்ணினாங்க?" என்றாள்.

நான் கூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராப் வந்து பார்த்தார். கூட்டைத் தொட விதி இல்லை; தொட்டாலும் இனிப் பயனில்லை, முட்டைகள் குளிர்ந்துவிட்டன என்றார். ஏரியின் வாய்க்குப் போய், கரையில் இழுத்துப் போட்டிருந்த தண்டுகளையும் கயிறு உராய்ந்த தடத்தையும் பார்த்தார். மழைக்கு முந்திய வாரம் இரண்டு பேர் துடுப்புப் படகோடு வந்து, ஓடையில் இறங்கிப் போக வழி கேட்டிருந்தார்கள். அவர்கள்தான் படகு போக வழி வெட்டியிருக்க வேண்டும் என்று ராப் முடிவு செய்தார். அவர்கள் விவரம் பதிவேட்டில் இருந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியில் அடுத்த வருஷத்துக்கான என் ஒப்பந்தம் மேலிடத்துக்குப் போகும் என்பதும் ஞாபகத்தில் இருந்தது. பேசாமல் நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

5

வீட்டில் ஸ்டெல்லாவிடம் மட்டும் சொன்னேன். அவள் யூனிஃபார்மைக் கூட மாற்றாமல் உட்கார்ந்து கேட்டாள்.

"ஏங்க, எல்லாரும் ஊர்லேருந்து ஊறுகா கொண்டு வருவாங்க. நீங்க வெள்ளத்தையே கொண்டு வந்திருக்கீங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "எஸ்தர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாள் சாயங்காலம் எஸ்தர் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அந்தப் படகுக்காரர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி, பள்ளிக் குழுவின் சார்பில் அவள் எழுதிய புகார். "படிச்சுப் பாருங்கப்பா. ஏதாவது விட்டுட்டேனா?" அவள் என்னிடம் எதையும் படிக்கக் கொடுத்து எத்தனையோ காலம் ஆகிறது.

நன்றாக எழுதியிருந்தாள். தேதி வாரியாக, எது எங்கே எப்படி என்று. கடைசி வரியில், இந்தக் காரியத்தைச் செய்தவர்களுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்றே தெரியாது என்று இருந்தது.

"இதை அனுப்பாதே" என்றேன். "அவங்க இல்ல. நான்தான்."

அவள் புரியாமல் பார்த்தாள். மழை, கொட்டகைப் படி, சேகர் மாமா, கடப்பாரை என்று எல்லாவற்றையும் சொன்னேன். என் ஆங்கிலம் அவசரத்தில் காலை வாரும். பாதியில் தமிழுக்கு மாறிவிட்டேன். நான் முடித்ததும் அவள் மடிக்கணினியை மூடினாள்.

"அன்னைக்கு என் பக்கத்துல நின்னு பாத்தீங்க. நான் கேட்டேன். நீங்க சும்மா நின்னீங்க" என்றாள். அடைப்பெடுத்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக ராப்பிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெகுநேரம் காப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார். "ஏரி ஏறினால் ஏறட்டுமே. இங்கே அது ஒரு கோளாறு இல்லையே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. கூடு மிதக்கும் கூடு. தண்ணீர் மெல்ல ஏறினால் அதுவும் கூடவே ஏறிக்கொள்ளும். இறங்கினால்தான் ஆபத்து. எங்கள் பக்கத்தில் எல்லாம் இதற்கு நேர் எதிர் என்று அவருக்குச் சொல்லப் பார்த்தேன். தலையை ஆட்டினார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து அந்தப் படிவத்தை எடுத்தார்.

எட்டாவது கேள்வி: இது வேண்டுமென்றே செய்யப்பட்டதா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்று போட்டாலும் பொய், இல்லை என்று போட்டாலும் பொய். கால் மணி நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன். ராப் எட்டிப் பார்த்துவிட்டுப் படிவத்தை வாங்கி உறையில் போட்டார். இரண்டு வாரத்தில் மேலிடத்திலிருந்து பதில் வந்தது. ஏப்ரல் வரை வைத்துக்கொள்வார்கள். தண்ணீர் ஓரத்து வேலை, கருவிக் கொட்டகைச் சாவி, இரண்டும் இனிக் கிடையாது. வாசலில் செருப்புக் கழுவுவது மட்டும். அடுத்த வருஷத்தைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை.

எஸ்தர் என் காரில் ஏறுவதை நிறுத்தி, பள்ளி வேனில் வர ஆரம்பித்தாள். வாசலில் எல்லோரையும் போல ஷூவைக் கழுவிக்கொண்டு என்னைக் கடந்து போவாள். நான் பிரஷ்ஷை நீட்டுவேன், "தாங்க்ஸ்" என்பாள். பெற்ற பெண் தாங்க்ஸ் சொன்னால் எவ்வளவு வலிக்கும் என்று அந்த மூன்று வாரத்தில் தெரிந்துகொண்டேன்.

நடுவில் ஒரு நாள் அவள் அம்மாவிடம், "வெள்ளத்துல நம்ம வீட்ல தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறாள். ஸ்டெல்லா தன் கழுத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். ஒரு பகல், ஒரு இரவு பரணில் இருந்ததையும், தெருக்கோடியில் அடைத்துக்கொண்ட சிறுபாலத்தை உடைக்க அப்பாவும் சேகரும் நீந்திப் போனதையும் சொல்லியிருக்கிறாள். எஸ்தருக்குப் பரணும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும்தான் ஞாபகம் இருந்ததாம்.

6

டிசம்பர் முதல் வாரத்தில் அந்த ஜோடி மறுபடியும் கட்ட ஆரம்பித்தது. இறங்கிய தண்ணீர் மட்டத்தில், இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, வேறொரு கிளையடியில். இரண்டு முட்டை. ராப் வாசலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க உரிமை இல்லை என்று எனக்கே தோன்றியது.

போன சனிக்கிழமை மீண்டும் பெருமழை. காலையிலேயே வருகையாளர்களைத் திருப்பி அனுப்பிவிட்டோம். மதியம் ஏரி நடைபாதைக்கு வந்தது. பிறகு கொட்டகையின் முதல் படிக்கு. ஏரியின் வாயில் புதிதாக ஒரு மரம் வந்து செருகியிருந்தது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. வாசல் கூரையடியில் பிரஷ்ஷைக் கழுவினேன். கழுவிய பிரஷ்ஷையே மறுபடியும் கழுவினேன். எஸ்தர் மறைவிடத்திலிருந்து மழைக்கோட்டோடு இறங்கி வந்தாள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வாங்கப்பா. மழை, இங்க எதுக்கு நிக்கிறீங்க" என்றாள்.

மறைவிடத்தின் பெஞ்சில் இருவர் உட்காரத்தான் இடம். தொலைநோக்கியை என் பக்கம் திருப்பினாள். சம்சாரம் கூட்டில் இருந்தாள். மழை முதுகில் விழுந்து உருண்டது. தண்ணீர் ஏறி ஏறிக் கூட்டின் விளிம்பைத் தொடப் போகிறது என்று எனக்குப் பட்டது. முட்டைகள் மூழ்கிவிடும். நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்துச் சேகரின் வீடியோ அழைப்பு. படிவம், செருப்புத் தொட்டி எல்லாம் அவனுக்குச் சொல்லியிருந்தேன். ஆனாலும் படத்தில் தண்ணீரைப் பார்த்ததும் அவனால் அடக்க முடியவில்லை.

"மச்சான், திரும்பவும் ஏறிகினு கீதே. இன்னா பண்ணப் போறே?"

எஸ்தர் கையை நீட்டி என்னிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"சேகர் மாமா, நான் எஸ்தர். அது ஏறட்டும் மாமா, ஒண்ணும் ஆகாது. அப்பா எதுவும் பண்ண மாட்டாரு. நான் பக்கத்துல இருக்கேன்."

"சரிம்மா, நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுச் சேகர் வைத்துவிட்டான்.

அவள் போனைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் கொட்டகையின் இரண்டாவது படிக்கும் வந்தது. கூடு ஒரு சாண் உயர்ந்தது. அதை யாரும் தூக்கவில்லை, யாரும் காப்பாற்றவில்லை. தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறியது. அந்தப் பறவை அலகை இறகுக்குள் செருகிக்கொண்டு, நடுவில் எப்போதோ தூங்கிப்போயிருந்தது.